கேஸ் மாத்திரை கேட்டு வந்தவங்க: கொரோனா வருஷங்கள்ல ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டர்லேர்ந்து பாத்தது

கொரோனா டைம்ல உங்க கடைல எதுணே ஜாஸ்தி ஓடுச்சுன்னு யாராச்சும் கேட்டா ஜுர மாத்திரை, மாஸ்க், சானிடைசர்னு சொல்லுவேன்னு எதிர்பாப்பாங்க. அதெல்லாம் ஓடுச்சுதான், இல்லங்கல. ஆனா கவுண்டர்ல நின்ன எனக்கு வித்தியாசமா பட்டது கேஸ் மாத்திரைதான். நெஞ்சு எரியுது, வயிறு உப்பிக்குது, தொண்டைல என்னமோ அடைக்குது, ஏப்பம் வந்தா சரியாயிடும் போல இருக்கு ஆனா வரமாட்டேங்குதுன்னு காலைலேர்ந்து ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் வந்துகிட்டே இருந்தாங்க. அதுக்கடுத்து தலைவலி தைலம், அதுக்கும் அடுத்து குரலை இறக்கி "நல்லா தூக்கம் வர்ற மாதிரி எதுனா இருக்கா தம்பி". மனசு சரியில்லன்னு சொல்லிகிட்டு யாரும் வரல. எல்லாருக்கும் வயித்துலயும் நெஞ்சுலயும்தான் இருந்துச்சு.

நான் ராயபுரத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். டி.பார்ம் படிச்சவன், டாக்டர் இல்ல. கவுண்டர்லேர்ந்து பாத்தது, என் உடம்புலயே நடந்தது, டாக்டருங்க சொல்லிக் குடுத்தது, இவ்ளோதான் இதுல இருக்கு. 2020 ஏப்ரல், மே மாசத்துல சாயங்காலம் ஆனா சென்னைக்கு மண்டலவாரியா எண்ணிக்கை வரும் ஞாபகம் இருக்கா, அதுல பல நாள் ராயபுரம்தான் மேல நிக்கும். வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்க போன் பண்ணி "இன்னும் அங்கயேவா இருக்கீங்க"ன்னு கேப்பாங்க, என்னமோ நாங்க வேணும்னு உக்காந்திருக்கற மாதிரி. தெருவுல ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்தா ரெண்டு முனையிலயும் தகரம் அடிச்சிடுவாங்க, வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டு போயிடுவாங்க. வைரஸை விட ஜனங்க பயந்தது அந்த ஸ்டிக்கருக்குத்தான், இது என் கருத்து. அதே ஏப்ரல்ல கொரோனால இறந்து போன ஒரு டாக்டரைப் புதைக்க விடாம கீழ்ப்பாக்கம் பக்கம் கூட்டம் கூடி ஆம்புலன்ஸ் மேல கல்லெறிஞ்சாங்க, அந்த வீடியோவ எல்லாரும் பாத்தாங்க. ஒரு டாக்டருக்கே இந்த கதின்னா நமக்கு என்னன்னு அதுக்கப்புறம் ஜுரத்தை மறைக்க ஆரம்பிச்சாங்க. தலைவலிக்குன்னு சொல்லி பாராசிட்டமால் வாங்கிட்டு போவாங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியும் ஜுரம்னு. வந்திருக்கற நோயோட பயம் ஒரு பக்கம், அதை நாலு பேருக்குத் தெரியாம வச்சிக்கணும்ங்கற பயம் இன்னொரு பக்கம், இந்த ரெண்டாவது பயத்தைத்தான் ஜனங்க ராத்திரி எல்லாம் சுமந்துகிட்டு கிடந்தாங்க.

ஒண்ணு சொல்லிடறேன், அந்த பயம் எல்லாமே நோய் இல்ல. வேலை போயிடுச்சு, வாடகை குடுக்கணும், காசிமேட்டுல போட் போகல, எம்.சி. ரோட்ல துணிக்கடை எல்லாம் மூடி கிடக்கு, ஆட்டோ வெளிய எடுத்தா போலீஸ் பிடிக்கறாங்க, இதுல ஒருத்தன் தூங்காம இருந்தா அவனுக்கு மனநோய்னு சொல்றது அநியாயம். ரிசர்வ் பேங்க் 2020 மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணை தள்ளி வைக்கலாம்னு சொன்னப்போ எங்க தெருவுல ஆட்டோ ஓட்டறவங்க முகமே மாறிச்சு, வட்டி ஓடும்ங்கறது அப்புறம்தான் புரிஞ்சுது, அது வேற விஷயம். ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபா வந்தப்போ ரெண்டு நாளைக்கு தூக்க மாத்திரை கேக்கற கூட்டம் குறைஞ்ச மாதிரி எனக்குத் தோணுச்சு, கணக்கு போட்டு சொல்லல, கவுண்டர்ல நிக்கறவனுக்கு தெரியும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குப்படி 2021ல இந்தியால 1,64,033 பேர் தற்கொலை பண்ணிகிட்டாங்க, அதுல 42,004 பேர் தினக்கூலி ஆளுங்க, நாலுல ஒருத்தர். இந்த நம்பரை வச்சிகிட்டு எல்லாருக்கும் தியானம் கத்துக்குடுங்கன்னு பேசறவங்களப் பாத்தா எனக்கு கோவம்தான் வரும். அரிசி இருக்கான்னு முதல்ல கேக்கணும். எங்க வீட்டம்மா பக்கத்து சந்துல யார் வீட்ல அடுப்பு எரியலன்னு பாத்து சொல்லுவா, கடைக்காரங்க நாங்க நாலஞ்சு பேர் சேந்து சாமான் குடுத்தோம். அதுவும் வைத்தியம்தான்.

குடிக்கற ஆளுங்க கதை தனி. மார்ச் கடைசில டாஸ்மாக் மூடினதும் மூணாவது நாள் நாலாவது நாள்லேர்ந்து பொம்பளைங்க வர ஆரம்பிச்சாங்க, கை நடுங்குதாம், வேர்த்து கொட்டுதாம், சுவத்துல பூச்சி ஊருதுன்னு சொல்றாராம், ராத்திரி யார் கூடவோ பேசறாராம். இது பைத்தியம் இல்ல, திமிரும் இல்ல. தினமும் ஊத்திக்கிட்ட உடம்பு திடீர்னு நிறுத்தினா மூளை அடங்காம துள்ளும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. வீட்ல கட்டி போடறதோ கோயில் விபூதி பூசறதோ வேலைக்காகாது, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயே ஆகணும், அங்க அதுக்கு மருந்தும் வைட்டமின் ஊசியும் இருக்கு. புதுக்கோட்டை கோட்டைப்பட்டினத்துல சரக்கு கிடைக்காம ஷேவிங் லோஷன் கலந்து குடிச்சு மீனவருங்க மூணு பேர் செத்துப் போனதும் அந்த ஏப்ரல்லதான். நாங்க ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கறதால வந்தவங்கள நேரா அங்க அனுப்பி வச்சோம். லாக்டவுனோ வெள்ளமோ என்ன வந்தாலும் சரி, தினசரி குடிக்கற ஆள் வீட்ல இருந்தா கடை மூடின அந்த முதல் வாரத்தை ஜாக்கிரதையா பாத்துக்கங்க.

இப்ப என் கதைக்கு வரேன். 2020 ஜூன்ல திரும்ப முழு ஊரடங்கு போட்டாங்களே, 19லேர்ந்து 30 வரைக்கும், அந்த சமயம். நாள் பூரா ஜுரத்தோட வர்றவங்க கிட்ட நின்னு பேசிட்டு வீட்டுக்கு வந்து வாசல்லயே சட்டையக் கழட்டி சோப்பு தண்ணில முக்கிட்டு குளிச்சிட்டுதான் உள்ளயே போவேன், மாடி ரூம்ல தனியாதான் படுக்கை. ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், திடுக்குன்னு முழிப்பு வந்துச்சு, நெஞ்சு திடும் திடும்னு அடிக்குது, மூச்சு உள்ள போற மாதிரியே இல்ல, விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு, உதட்டைச் சுத்தி எறும்பு கடிக்கற மாதிரி ஒரு சுருக்கு சுருக்கு, இதோ சாகப்போறேன்னு அவ்ளோ நிச்சயமா தோணுது. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு காட்டுற ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டினேன், 98 காட்டுது. நம்பல. கழட்டி அடுத்த விரல்ல மாட்டினேன், 97. ஒண்ணு குறைஞ்சிடுச்சேன்னு இன்னும் பயம். இடது கை, வலது கைன்னு பத்து விரல்லயும் மாட்டிப் பாத்தேன், டார்ச் வெளிச்சத்துல, வீட்ல யாரும் எழுந்துக்கக் கூடாதுன்னு. அரை மணி நேரத்துல தானா அடங்குச்சு, ஆனா அடுத்த நாள் ராத்திரி படுக்கையப் பாத்தாலே பயம் வந்துடுச்சு, அதுதான் பெரிய தொல்லை.

காலைல போய் ஈசிஜி எடுத்தேன். இதை அழுத்தி சொல்றேன், நெஞ்சு வலி, நெஞ்சு அடைப்புன்னா அது பதற்றம்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, முதல்ல ஈசிஜி, அப்புறம்தான் மத்தது. எனக்கு நார்மல். சுகர், ரத்தம், தைராய்டு பாக்க சொன்னார் டாக்டர், தைராய்டு ஜாஸ்தியா சுரந்தாலும் படபடப்பு வரும், ரத்தம் கம்மியா இருந்தாலும் மூச்சு வாங்கும், சோர்வா இருக்கும், இதெல்லாம் இல்லன்னு பாத்துட்டுதான் மனசு பக்கம் போகணும்னார். எல்லாம் சரியா இருந்துச்சு. உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக்னு சொல்லி ஒரு மனநல டாக்டர் கிட்ட வீடியோ கால்ல பேச சொன்னார். ஊரடங்கு ஆரம்பிச்ச அதே 2020 மார்ச் 25ஆம் தேதிதான் போன்லயும் வீடியோலயும் டாக்டர் பாக்கலாம்னு மத்திய அரசு வழிமுறை விட்டாங்க, அதுக்கப்புறம் எங்க கடைக்கு வாட்ஸ்அப்ல மருந்து சீட்டு வர ஆரம்பிச்சுது. சீட்டுல டாக்டரோட பேரும் பதிவு எண்ணும் இருக்கணும், அது இல்லாத சீட்டை நாங்க வாங்கமாட்டோம். போதைப் பொருள் சட்டத்துல வர்ற மருந்தும் ஷெட்யூல் எக்ஸ்னு ரொம்ப கட்டுப்பாடா விக்கற மருந்தும் வீடியோல எழுதக் கூடாது. மத்தபடி வீட்ல உக்காந்துகிட்டே மனநல டாக்டர் கிட்ட பேசலாம்ங்கறது இந்த கொரோனா குடுத்த ஒரே நல்ல விஷயம்னு நான் சொல்லுவேன், ஏன்னா கீழ்ப்பாக்கம்னு பேர் சொன்னாலே சிரிக்கற ஊர் இது, பக்கத்து வீட்டுக்காரன் பாத்துடுவானோன்னு போகாதவங்க போன்ல போனாங்க.

அந்த டாக்டரம்மா சொன்னதுல எனக்கு உதவினது முதல்ல விளக்கம்தான். பயத்துல நாம வேக வேகமா மூச்சு விடறோம், ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது, அதனாலதான் விரல் மரக்குது, உதடு சுருக்குன்னுது, தலை கிறுகிறுக்குது, அதைப் பாத்து இன்னும் பயந்து இன்னும் வேகமா மூச்சு விடறோம். பத்து நிமிஷத்துல உச்சிக்கு போய் பெரும்பாலும் அரை மணிக்குள்ள இறங்கிடும், அதை அடக்க பாக்காதீங்க, வந்துட்டு போகட்டும்னு விடுங்க, மூச்சை இழுக்கற நேரத்தை விட விடற நேரத்தைக் கூட்டுங்கன்னாங்க. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடறது, ஒரு அஞ்சு நிமிஷம். நான் நம்பவே இல்ல, மருந்து விக்கறவனுக்கு மூச்சு மேல நம்பிக்கை வருமா, ஆனா அடுத்த தடவை வந்தப்போ வேலை செஞ்சுது. ரெண்டாவது, ஆக்சிமீட்டரை வீட்டம்மா கிட்ட குடுத்துடுங்கன்னாங்க, காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை அவங்க பாத்து சொல்லட்டும், நடுவுல கேக்கக் கூடாது. முதல் ரெண்டு நாள் கை பரபரன்னுது. அப்புறம் விட்டுப் போச்சு. திரும்பத் திரும்ப செக் பண்றதுதான் பயத்துக்கு சாப்பாடு போடுதுன்னு அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சுது, அதுக்கப்புறம் ஆக்சிமீட்டர் வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதை சொல்லித்தான் குடுத்தேன்: அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து, கை ஜில்லுன்னு இருந்தா தேய்ச்சு சூடாக்கி, நெயில் பாலிஷ் இருந்தா அழிச்சிட்டு, நம்பர் நிக்கற வரைக்கும் பொறுத்து பாருங்க, 94க்கு கீழ போனா ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க, மேல இருந்தா டப்பால போட்டு வச்சிடுங்க. 88 காட்டுதுன்னு அழுதுகிட்டே ஓடி வந்த ஒரு பொண்ணுக்கு அங்கயே பாலிஷை அழிச்சிட்டு மாட்டினா 98.

நியூஸ் விஷயம் எல்லாரும் சொல்றதுதான், நானும் சொல்லிடறேன், டிவி ஓடிகிட்டே இருக்கற வீட்லேர்ந்துதான் கேஸ் மாத்திரைக்கு ஜாஸ்தி வந்தாங்க. கீழ ஓடற எண்ணிக்கைய பாத்துகிட்டே சாப்பிடறவங்க. எங்க வீட்ல சாயங்காலம் ஒரு தடவை மட்டும்னு வச்சோம். எஸ்பிபி சார் ஆகஸ்ட் 5ஆம் தேதி ஆஸ்பத்திரில சேந்து செப்டம்பர் 25 இறந்தாரே, அந்த ஏழு வாரமும் என் வயசு ஆளுங்க எல்லாம் ஆஸ்பத்திரி அறிக்கைக்காக காத்துகிட்டு கிடந்தாங்க, அவர் எழுந்து வந்துட்டா நாமளும் பொழைச்சிடுவோம்னு ஒரு கணக்கு. அன்னிக்கு கடைக்கு வந்தவங்க கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. அதே மாதிரி 2021 ஏப்ரல்ல விவேக் சார் தடுப்பூசி போட்டுகிட்ட ரெண்டாவது நாள் இறந்ததும் ஊசி போட்டவங்க எல்லாம் நெஞ்சைப் பிடிச்சிகிட்டு வந்தாங்க, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அரசாங்கம் சொல்லியும் ஒரு வாரத்துக்கு என் கடைல பிபி மிஷின் ஓயல. பிபி பாத்து, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப பாத்தா இறங்கி இருக்கும். அந்த பத்து நிமிஷம் யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களே, அதுதான் மருந்து.

வயசானவங்களுக்கு வேற மாதிரி. எங்க பக்கத்து வீட்டு ஆயா, தினமும் மாதா கோயிலுக்கு போறவங்க, மீன் மார்க்கெட்டுக்கு போய் ரெண்டு பேரை திட்டிட்டு வர்றவங்க. சென்னைல பெரிய வழிபாட்டு தலங்கள் செப்டம்பர் 1 வரைக்கும் திறக்கல. ஜூலை வாக்குல ஆயா பேச்சு குறைஞ்சுது, சாப்பாடு குறைஞ்சுது, தலை சீவறது நின்னுச்சு, வயசாச்சுல்லன்னு விட்டுட்டாங்க வீட்ல. கார்ப்பரேஷன்லேர்ந்து வீடு வீடா வந்து யாருக்காச்சும் ஜுரம் இருக்கா, இருமல் இருக்கான்னு நோட்டுல எழுதிட்டு போவாங்களே அந்த பொண்ணுங்க, அதுல ஒரு பொண்ணு மட்டும் ஆயா கிட்ட தினமும் ரெண்டு வார்த்தை பேசிட்டு போகும், வெளி ஆளுன்னு அவங்க பாத்தது அந்த பொண்ணு ஒண்ணுதான், அது வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து உக்காந்துக்குவாங்க. வயசானவங்களுக்கு மனச்சோர்வு வந்தா நிறைய பேர் அழமாட்டாங்க, மறதி மாதிரி இருக்கும், அங்க இங்க வலின்னு சொல்லுவாங்க, இல்ல எரிஞ்சு விழுவாங்க. டாக்டர் கிட்ட காட்டினா மருந்துல நல்லா ஆகறவங்க அவங்களும்தான். ஆயாவும் ஆனாங்க, இப்ப மார்க்கெட்டுல திரும்ப சண்டை.

லான்செட்னு ஒரு மருத்துவ பத்திரிகை, அதுல 2021 அக்டோபர்ல வந்த ஆய்வுல, 2020ல உலகம் முழுக்க வழக்கத்தை விட கூடுதலா 5.3 கோடி பேருக்கு மனச்சோர்வும் 7.6 கோடி பேருக்கு பதற்றமும் வந்துச்சுன்னு மதிப்பு போட்டிருந்தாங்க, அதுலயும் ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கும், பெரியவங்கள விட இளவட்டத்துக்கும் ஜாஸ்தின்னு. இளவட்டம்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த வருஷம் ஆல் பாஸ் ஆன பத்தாம் கிளாஸ் பசங்கதான், பெருசுங்க எல்லாம் உங்களுக்கென்னடா ஜாலின்னு கிண்டல் பண்ணுச்சு, பசங்க மூஞ்சில ஜாலி இல்ல. பொம்பளைங்க விஷயத்துல எனக்கு ஆச்சரியமே இல்ல. புருஷன் வீட்ல, பசங்க வீட்ல, மாமியார் மாமனார் வீட்ல, மூணு வேளையும் அடுப்பு, ஒரே போனு, அதுல ரெண்டு பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸு. தலைவலி மாத்திரை வாங்க வர்ற சாக்குலதான் வீட்டை விட்டே வெளிய வருவாங்க. ஒரு அக்கா மாத்திரை வாங்கிட்டு போகாம கடை ஓரத்துல நின்னுகிட்டே இருப்பாங்க, என்னக்கா வேற எதுனா வேணுமான்னு கேட்டா "இல்லப்பா, இங்க செத்த நேரம் நிக்கறேன்"னுவாங்க. வட்டம் போட்டு வச்சிருந்தோம்ல இடைவெளிக்கு, அந்த வட்டத்துக்குள்ள நிப்பாங்க.

தூக்க மாத்திரை பத்தி சொல்லணும். அல்பிரசோலம், டயசிபம், சோல்பிடம் இதெல்லாம் ஷெட்யூல் ஹெச்1ங்கற கட்டுப்பாடு லிஸ்ட்ல வர்றது, சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, குடுத்தா டாக்டர் பேரு, நோயாளி பேரு, எவ்ளோ குடுத்தோம்னு தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அந்த ரெண்டு வருஷமும் இதுக்காக நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல, உங்கப்பன் வீட்டு சொத்தாடான்னு எல்லாம் கேட்டிருக்காங்க. இந்த மாத்திரை உடனே கேக்கும், அதுதான் பிரச்சனை. சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிடும், அப்புறம் இல்லாம தூக்கம் வராது, திடீர்னு நிறுத்தினா நடுக்கமும் பதட்டமும் முன்ன விட ஜாஸ்தியா வரும். டாக்டர் ரெண்டு வாரத்துக்குன்னு எழுதினா ரெண்டு வாரம்தான், பழைய சீட்டை மடிச்சு மடிச்சு ஆறு மாசம் கொண்டு வர்றதுக்கு இல்ல.

அப்படி ஒரு பழைய சீட்டோடதான் அந்த அண்ணன் வந்தார். லோடு வண்டி ஓட்டறவர், நல்லா தெரிஞ்ச ஆளு. அவங்கம்மா பேர்ல இருந்த சீட்டு, தேதி எப்பவோ முடிஞ்சுது, கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுங்கன்னார். முடியாதுண்ணேன்னு சொன்னேன். சரின்னுட்டு திரும்பினார். சண்டை போடல. அதுதான் எனக்கு உறுத்துச்சு, எப்பவும் அஞ்சு ரூபா சில்லறைக்கே பத்து நிமிஷம் பேசற மனுஷன். அண்ணே செத்த உக்காருங்கன்னு உள்ள ஸ்டூலை இழுத்துப் போட்டேன். டீ சொன்னேன். வண்டி ஓடுதாண்ணே, ராத்திரி எத்தனை மணிக்கு தூங்கறீங்கன்னு ஆரம்பிச்சேன், அவர் தரையவே பாத்துகிட்டு ஒத்த வார்த்தைல பதில் சொன்னார். அப்புறம் நேராவே கேட்டேன், "அண்ணே, செத்துடலாம்னு தோணுதா?" கேக்கக் கூடாது, கேட்டா அந்த எண்ணத்தை நாமளே குடுத்த மாதிரி ஆயிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி இல்லன்னு டாக்டருங்க தெளிவா சொல்றாங்க, கேட்டா பாரம் இறங்கும், ஆளு பேசுவார். அவர் பேசினார். ஃபைனான்ஸ்காரங்க வீட்டு வாசல்ல வந்து பசங்க முன்னாடி பேசின பேச்சை சொன்னார். நான் ஒரு அறிவுரையும் சொல்லல, சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கு. அவர் சம்மதத்தோட அவங்க வீட்டுக்கார அம்மாவுக்கு போன் போட்டேன், அவங்க வர்ற வரைக்கும் அவரைத் தனியா விடல, வீட்ல இருக்கற மாத்திரை, மருந்து எல்லாத்தையும் எடுத்து வேற இடத்துல வைக்க சொன்னேன், மறுநாள் காலைல ஸ்டான்லில மனநல பிரிவு ஓபிக்கு கூட்டிகிட்டு போனாங்க. தவணை விஷயத்தை அவங்க மச்சான் உக்காந்து பேசி முடிச்சார். ரெண்டும் நடந்ததாலதான் அவர் தேறினார், மாத்திரை மட்டும் தந்து அனுப்பி இருந்தா வாசல்ல ஃபைனான்ஸ்காரன் அப்படியேதான் நின்னிருப்பான்.

இந்த மாதிரி நேரத்துல சொல்லக் கூடாததுன்னு நான் ஒரு லிஸ்டே வச்சிருக்கேன்: மனசை தைரியமா வச்சிக்க, உன்னை விட கஷ்டப்படறவங்க எவ்ளோ பேரு, எல்லாம் உன் நினைப்புதான், யோகா பண்ணு. கேக்கறவங்களுக்கு இதெல்லாம் "போய்த் தொலை"ன்னுதான் கேக்கும். பதிலுக்கு சின்னதா கேளுங்க. சாப்ட்டியா, என்ன சாப்ட்ட, நேத்து எப்ப தூங்கினே, நாளைக்கு டாக்டர் கிட்ட நான் கூட வரட்டுமா. கூட வரேன்னு சொல்றது பெரிய விஷயம், ஏன்னா மனச்சோர்வுல இருக்கறவங்களுக்கு டோக்கன் வாங்கறதே மலை.

2021 மே. அதை எழுதவே கை வரல, சுருக்கமா சொல்றேன். தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,000 தாண்டுச்சு. ரெம்டெசிவிர் ஊசிக்கு முதல்ல கீழ்ப்பாக்கத்துல லைன், அப்புறம் நேரு ஸ்டேடியத்துல லைன், என் நம்பருக்கு ராத்திரி எல்லாம் போன், அண்ணா எங்கயாச்சும் கிடைக்குமா, எவ்ளோ ஆனாலும் சரின்னு. என்கிட்ட இல்ல. முதல் அலைல வந்தது பயம்னா ரெண்டாவதுல வந்தது துக்கம், அதுவும் துக்கப்பட விடாத துக்கம். மூட்டையா கட்டி குடுத்ததை தூரத்துலேர்ந்து பாத்துட்டு வந்தவங்க, பதினாறாம் நாள் கூட பண்ண முடியாதவங்க. அவங்கள்ல சில பேர் ஒரு வருஷம் கழிச்சு, ஊரெல்லாம் மாஸ்க்கை கழட்டினதுக்கு அப்புறம்தான் உடைஞ்சாங்க. முடிஞ்சு போச்சேன்னு மத்தவங்க நினைக்கற நேரம் இருக்கே, அப்பதான் அவங்கள கவனிக்கணும்.

என் மச்சான், அதாவது வீட்டம்மாவோட தம்பி, ஆக்சிஜன் வச்சு பொழைச்சு வந்தான். மாலை போட்டு வரவேத்தோம். ஒரு வாரத்துல பாத்தா ஆளு கட்டில்ல சுவத்தைப் பாத்து படுத்திருக்கான், போனை எடுக்கறதில்ல, பொண்ணு வந்து மடில உக்காந்தா எழுப்பி விடறான். சாவுலேர்ந்து தப்பிச்சவன் சந்தோஷமா இல்ல இருக்கணும்னு அவன் அக்காவுக்கு, அதான் எங்க வீட்டம்மாவுக்கு, கோவம். மருந்து விக்கறவனா எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு, ஆஸ்பத்திரில நுரையீரலுக்காக குடுக்கற ஸ்டீராய்டு இருக்கே, அது தூக்கத்தைக் கெடுக்கும், மனசை தூக்கியும் விடும் தள்ளியும் விடும், நிறுத்தும்போது சில பேருக்கு சோர்வு அடிச்சுப் போடும். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துகிட்டு டாக்டர் கிட்ட போங்க, எந்த மருந்து எத்தனை நாள் குடுத்தாங்கன்னு அதுல இருக்கும். அது போக, ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் மனசு கனமாவோ எதுலயும் பிடிப்பு இல்லாமலோ இருந்து, அது கூட தூக்கம், பசி, சோர்வு, கவனம் இதுல கோளாறு, தேவையில்லாத குற்ற உணர்ச்சி, சாவு நினைப்பு இப்படி சிலது சேந்து, வேலையும் வீடும் கெடற அளவுக்கு போச்சுன்னா அது வெறும் வருத்தம் இல்ல, வைத்தியம் பாக்க வேண்டியது. அவனுக்கு பாத்தோம். எஸ்சிட்டலோப்ராம்னு மனச்சோர்வு மாத்திரை எழுதினாங்க.

இந்த வகை மாத்திரை போட்டதும் கேக்காது. ரெண்டு வாரம் நாலு வாரம் ஆகும், முதல் வாரத்துல வயித்தைப் பெரட்டும், பதட்டம் கொஞ்சம் கூடக்கூட செய்யும், நிறைய பேர் அங்கதான் நிறுத்திடறாங்க. பாலுக்கு உறை ஊத்திட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியத் திறந்து பாத்தா தயிர் ஆகாதுடான்னு அவன்கிட்ட சொன்னேன். பதட்டம் ரொம்ப கூடினாலோ சாவு நினைப்பு வந்தாலோ மட்டும் காத்திருக்காம அன்னிக்கே டாக்டருக்கு சொல்லணும். நல்லானதுக்கு அப்புறமும் ஆறு மாசம் ஒம்பது மாசம்னு டாக்டர் சொல்ற வரைக்கும் தொடரணும், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லி படிப்படியா குறைக்கணும். இது தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்கற மருந்து இல்ல, ஆனா சடார்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல் வரும்.

மாத்திரை கூடவே டாக்டர் அவனுக்கு ஒரு வேலை குடுத்தார். மனசு வந்தா செய்யறதுன்னு வைக்காதீங்க, மணி வந்தா செய்யுங்கன்னார். காலைல ஏழு மணிக்கு மாடில போய் நாலு தொட்டிக்கு தண்ணி ஊத்தறது, அவ்ளோதான், அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். முதல் வாரம் அக்காதான் கையைப் பிடிச்சு கூட்டிட்டு போனா, அவன் செடியை பாக்காமலே ஊத்திட்டு இறங்குவான். மூணாவது வாரத்துல "வெண்டைக்கு பூச்சி வந்திருக்கு"ன்னு சொன்னானாம், அவ எனக்கு உடனே போன் பண்ணி அழுதா. அடுத்து கடைத்தெரு வரைக்கும் நடை, அடுத்து ஒரு வேளை வேலை. உற்சாகம் வந்தாதான் வேலை செய்யலாம்னு நாம நினைக்கறோம், இந்த நோய்ல செஞ்சாதான் கொஞ்சம் கொஞ்சமா உற்சாகம் வருது.

எங்க போறதுன்னு தெரியாம இருக்கறவங்களுக்கு, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல. தமிழ்நாடு அரசோட 104லயும் ஆலோசனை கேக்கலாம். சென்னைல ஸ்நேகான்னு 1986லேர்ந்து தற்கொலை எண்ணம் வந்தவங்க கூட பேசறதுக்காகவே ஒரு அமைப்பு இருக்கு. கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம் மட்டும் இல்ல, ஸ்டான்லி, ஜிஹெச் மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநல ஓபி இருக்கு, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரிலயும் டாக்டர் இருக்காங்க, மாத்திரையும் அங்கயே இலவசமா தர்றாங்க. போகும்போது ஏற்கனவே சாப்பிடற சுகர், பிபி மாத்திரை அட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, வீட்ல கூட இருக்கற ஒருத்தரையும் கூட்டிட்டு போங்க, நம்ம தூக்கத்தைப் பத்தி நம்மள விட அவங்க சரியா சொல்லுவாங்க. வெளிய வாங்கறதா இருந்தா மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ரெண்டுலயும் என் கடையை விட விலை கம்மி, இதை எழுதினதுக்கு எங்க வீட்டம்மா திட்டப்போறா, பரவால்ல. சீட்டுல இருக்கற மருந்து பேரும் மில்லிகிராமும் அட்டைல இருக்கறதும் ஒண்ணான்னு மட்டும் பாத்து வாங்குங்க, மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்காம அட்டைல ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்தது வாங்கி வச்சிடுங்க.